காண்டாமிருக வண்டுப் பேரினம் (ஓரிக்டெஸ்)

ஓரிக்டெஸ் என்பது ஸ்காரபைடே என்னும் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் ஆகும். தலையின் முன்பகுதியில் காண்டாமிருகத்துக்கு இருப்பது போன்ற ஒற்றைக் கொம்பு இருப்பதால், இதன் இனங்கள் காண்டாமிருக வண்டுகள் எனப் பொதுவாக அழைக்கப்படுகின்றன. இப்பேரினத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலப் பகுதிகளில் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தென்னையின் குருத்தைக் குடைந்து சேதப்படுத்தும் கருநிற வண்டு, இப்பேரினத்தின் ஓரிக்டெஸ் ரைனோசெரஸ் என்னும் இனமாகும்.

இந்த வண்டின் புழு வாழும் இடமும், முதிர்ந்த வண்டு உணவு தேடும் இடமும் வெவ்வேறானவை. புழு மட்கிய மரத்திலும் எருவிலும் வளர்கிறது. வண்டு உயிருள்ள மரத்தின் உச்சிக்குப் பறந்து செல்கிறது. தென்னையில் காணப்படும் சேதம் உச்சியில் இருந்தாலும், அதற்கான காரணம் பெரும்பாலும் தோப்பின் தரையில், குப்பைமேட்டிலோ பட்டுப்போன மரத்திலோ இருக்கிறது. இப்பேரினத்தின் வாழிடத்தை அறிந்துகொள்வது தென்னை வளர்ப்பவர்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

பெயரும் வகைப்பாடும்

ஓரிக்டெஸ் என்ற சொல் கிரேக்க மொழியில் "தோண்டுபவன்" என்னும் பொருள் கொண்டது. 1798ஆம் ஆண்டில் இது ஒரு தனிப் பேரினமாக நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1758இல், லின்னேயஸ் இதன் இரண்டு இனங்களை விவரித்திருந்தார். ஒன்று ஐரோப்பாவில் காணப்படும் நாசிகார்னிஸ். மற்றொன்று ஆசியாவின் ரைனோசெரஸ். அப்போது இவ்விரண்டும் ஸ்காரபேயஸ் என்ற பெரிய தொகுதிக்குள் வைக்கப்பட்டிருந்தன.

ஸ்காரபைடே குடும்பத்திலேயே சாணியுருட்டி வண்டுகளும் அடங்குகின்றன. அதற்குள் டைனாஸ்டினே என்னும் துணைக்குடும்பத்தில் ஓரிக்டெஸ் இடம்பெறுகிறது. கொம்புள்ள பெரிய வண்டுகள் பலவும் இத்துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் வண்டு இவற்றுள் ஒன்று.

உடலமைப்பு

ஆசிய இனமான ஓரிக்டெஸ் ரைனோசெரஸ் பொதுவாக 3.5 முதல் 5 செ.மீ. வரை நீளம் உடையது. உடல் தடித்து, உருளை வடிவில், கருமையாகவோ கரும்பழுப்பாகவோ பளபளப்புடன் இருக்கும். அடிப்பகுதி செம்பழுப்பு நிறமாக இருக்கும். முன்சிறகுகள் இரண்டும் கெட்டிப்பட்டு, பறப்பதற்குப் பயன்படும் மெல்லிய பின்சிறகுகளை மூடிப் பாதுகாக்கின்றன. கால்களில் தோண்டுவதற்கு ஏற்ற முட்கள் போன்ற பற்கள் உள்ளன.

ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. ஆணின் கொம்பு பொதுவாக நீளமானது. ஆயினும் போதிய உணவு கிடைக்காத புழுவிலிருந்து வரும் ஆண் வண்டு சிறியதாகவும், அதன் கொம்பு குட்டையாகவும் இருப்பதுண்டு. எனவே கொம்பை மட்டும் வைத்து ஆண், பெண் வேறுபாட்டைச் சொல்வது சரியாக அமையாது. வயிற்றின் கடைசி நுனியில் அடர்ந்த செந்நிற மயிர் இருந்தால் அது பெண் வண்டு. இது நம்பகமான அடையாளம்.

புழு வெண்மை கலந்த நிறமும் பழுப்பு நிறத் தலையும் கொண்டது. உடலை ஆங்கில எழுத்தான 'சி' போல வளைத்துக்கொண்டு கிடக்கும். முழு வளர்ச்சி அடைந்த புழு 6 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். நிலக்கடலை, கரும்பு வயல்களில் வேரைத் தின்னும் வேர்ப்புழுவும் இதே தோற்றம் உடையது என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதுகின்றனர். ஆசியக் காண்டாமிருக வண்டின் புழு, உயிருள்ள வேர்களைத் தின்று வாழ்வதில்லை. மட்கிய பொருளே அதன் உணவு.

பரவல்

ஓரிக்டெஸ் இனங்கள் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியப் பெருங்கடல் தீவுகள், அரேபியா, தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் இயற்கையாகக் காணப்படுகின்றன. நாசிகார்னிஸ் மட்டும் ஐரோப்பாவின் மிதவெப்பப் பகுதிகள் வரை பரவியுள்ளது. அமெரிக்கக் கண்டங்களில் இப்பேரினம் இயற்கையாக இல்லை. முக்கியமான சில இனங்கள்:

ஓரிக்டெஸ் ரைனோசெரஸ்: இந்தியா, இலங்கை முதல் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை. தென்னை, செம்பனை ஆகியவற்றின் முக்கியப் பீடை.

ஓரிக்டெஸ் மோனோசெரஸ்: வெப்பமண்டல ஆப்பிரிக்கா. அங்குத் தென்னைக்கு இதே வகையான சேதத்தை ஏற்படுத்துகிறது.

ஓரிக்டெஸ் எலிகன்ஸ், ஓரிக்டெஸ் அகமெம்னான்: மேற்கு ஆசியாவின் பேரீச்சைத் தோப்புகள். அகமெம்னான் இனத்தின் புழு, உயிருள்ள பேரீச்சை மரத்தின் அடிப்பகுதியையும் வேரையும் தாக்கும் என்பதில் மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது.

ஓரிக்டெஸ் போர்போனிக்கஸ்: இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு.

ஓரிக்டெஸ் நாசிகார்னிஸ்: ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரை.

வாழிடம்

மனிதர் தோப்பு வளர்க்கத் தொடங்குவதற்கு முன்பு, இவ்வண்டுகள் காடுகளிலும் கடலோரங்களிலும் தாமாக விழுந்து மட்கிய மரங்களை நம்பி வாழ்ந்தன. ஒரு மரம் பட்டு விழுந்தால், உள்ளே உள்ள நார்ப்பகுதி ஈரத்தில் ஊறி, பூஞ்சைகளாலும் பாக்டீரியாக்களாலும் இளகும். அந்த நிலையில்தான் பெண் வண்டு அதில் முட்டையிடும். மரம் முற்றிலும் மண்ணாகிவிட்டால் புழுவுக்கு அங்கு உணவு இராது. பனை வகை மரங்களில் இந்தத் தகுந்த காலம் சில மாதங்களில் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் வரை நீடிக்கும்.

காட்டில் இத்தகைய இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடைக்கும். மனிதர் வாழும் இடங்களில் நிலைமை வேறு. மாட்டுச் சாணக் குவியல், எருக்குழி, குப்பைமேடு, மரத்தூள் குவியல், வெட்டிப் போட்ட தென்னந்தண்டு, பட்டுப்போய் நிற்கும் மொட்டைத் தென்னை, தோண்டப்படாத அடிக்கட்டை ஆகிய அனைத்தும் இவ்வண்டுக்கு முட்டையிடும் இடங்களாகின்றன. காட்டில் எப்போதாவது கிடைத்த ஒன்று, தோப்பிலும் கொட்டிலிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. அதன் அருகிலேயே வண்டின் உணவான தென்னையும் வரிசையாக நிற்கிறது.

புழுவின் உணவு முழுவதும் நார். இதைச் செரிக்க அதன் பின்குடல் விரிந்து ஒரு நொதிப்பறையாக அமைந்துள்ளது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோசைச் சிதைத்துப் புழுவுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. இப்புழுக்கள் வேலை செய்த இடத்தில் மரம் பொடிப்பொடியாகி மண்ணில் கலக்கிறது. எனவே காட்டுச் சூழலில் ஓரிக்டெஸ் ஒரு சிதைப்புயிரி. இறந்த மரத்தில் உள்ள சத்துகள் மண்ணுக்குத் திரும்ப அது உதவுகிறது.

ஐரோப்பிய இனமான நாசிகார்னிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மட்கிய ஓக் மரங்களிலும் மரத்தூள் குவியல்களிலும் உரக்குவியல்களிலும் வளர்கிறது. முதிர்ந்த வண்டு பயிர்களைச் சேதப்படுத்துவதில்லை. ஜெர்மனியில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த ஒரு வண்டு ஒரு நாட்டில் பாதுகாக்கப்படுவதும், மற்றொன்று வேறு நாடுகளில் பீடையாக அழிக்கப்படுவதும் அவற்றின் வாழிடத்தையும் உணவையும் பொறுத்தவை.

வாழ்க்கைச் சுழற்சி

ஓரிக்டெஸ் ரைனோசெரஸின் பெண் வண்டு, மட்கிய பொருளுக்குள் 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. தன் வாழ்நாளில் 50 முதல் 100 வரை முட்டைகள் இடக்கூடும். முட்டை 8 முதல் 12 நாட்களில் பொரிக்கும். புழு மூன்று வளர்நிலைகளைக் கடக்கிறது. இதற்கு ஏறக்குறைய 3 முதல் 6 மாதங்கள் ஆகும். உணவு வளமாகவும் ஈரமாகவும் இருந்தால் வளர்ச்சி விரைவாகும். வறண்ட, சத்தற்ற இடத்தில் அது நீளும்.

முழு வளர்ச்சி அடைந்த புழு, அதே குவியலிலோ அடியில் உள்ள மண்ணிலோ ஓர் அறையை அமைத்துக் கூட்டுப்புழுவாகிறது. 3 முதல் 4 வாரங்களில் அது வண்டாக மாறும். மாறிய வண்டு உடனே வெளியே வருவதில்லை. உடல் கெட்டிப்படும் வரை மேலும் இரண்டு மூன்று வாரங்கள் உள்ளேயே தங்கிப் பிறகு இரவில் வெளியேறும். வெளிவந்த வண்டு பல மாதங்கள் உயிர் வாழும். பகலில் குருத்தின் துளைக்குள்ளோ எருவுக்குள்ளோ பதுங்கியிருந்து, இரவில் பறக்கும். விளக்கு வெளிச்சத்துக்கும் வரும்.

ஆண் வண்டுகள் ஒரு வகை மணப்பொருளை வெளியிட்டு ஆண், பெண் இரு பாலினத்தையும் ஓரிடத்துக்கு ஈர்க்கின்றன. இதன் வேதிப்பெயர் எத்தில் 4-மெத்தில்ஆக்டனோயேட். 1990களில் இது கண்டறியப்பட்ட பின், செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு இனக்கவர்ச்சிப் பொறிகளில் பயன்படுத்தப்படுகிறது.

தென்னையில் ஏற்படும் சேதம்

வண்டு மட்டைகளின் இடுக்கு வழியாக நுழைந்து, விரியாத குருத்தை நோக்கிக் குடைந்து செல்கிறது. அங்குள்ள இளம் திசுவை மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு, நாரை வெளியே தள்ளுகிறது. துளையின் வாயில் மென்ற நார் பிதுங்கி நிற்பதைக் கொண்டு வண்டு உள்ளே இருப்பதை அறியலாம்.

குருத்துக்குள் ஓலைகள் மடிந்து அடுக்கப்பட்டிருக்கும். மடித்த தாளைக் கத்தரித்துப் பிரித்தால் வெட்டு இருபுறமும் ஒரே அளவில் தெரிவது போல, வண்டு குடைந்த குருத்து பின்னர் மட்டையாக விரியும்போது இருபுற ஓலைகளிலும் முக்கோண வடிவில் கத்தரித்தது போன்ற வெட்டுகள் தெரியும். இந்த மட்டை விரியச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, வெட்டுப்பட்ட மட்டையைக் காணும்போது அதை வெட்டிய வண்டு ஏற்கெனவே வேறிடம் சென்றிருக்கக்கூடும்.

வளர்ந்த மரம் சில தாக்குதல்களைத் தாங்கும். இலைப்பரப்பு குறைவதாலும் பாளை குடையப்படுவதாலும் காய்ப்பு குறையும். இளங்கன்றுகளில் வண்டு வளர்நுனியை எட்டிவிட்டால் கன்றே பட்டுப்போகும். தென்னைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான். அது அழிந்தால் பக்கக் கிளை விட்டுத் தழைக்க வழியில்லை. மேலும், வண்டு உண்டாக்கிய காயங்கள் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடவும், குருத்தழுகல் நோய் தொற்றவும் வழி திறக்கின்றன. சிவப்புக் கூன்வண்டின் புழு உயிருள்ள தண்டின் உள்ளேயே வளர்வதால், அது புகுந்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம். பனை, ஈச்சை, பாக்கு, செம்பனை ஆகியவற்றையும் காண்டாமிருக வண்டு தாக்கும்.

புயலுக்குப் பின்

வண்டின் பெருக்கத்துக்குப் புயல்கள் பெரிய வாய்ப்பாக அமைகின்றன. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழும்போது, புழுவுக்கான வாழிடமும் ஒரேயடியாகப் பெருகுகிறது. பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவில் 2015 மே மாதம் வீசிய டால்பின் சூறாவளி விட்டுச்சென்ற மரக்கழிவுகள், அங்குக் காண்டாமிருக வண்டு பெருமளவில் பெருகக் காரணமாயின.

தமிழ்நாட்டில் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. இத்தகைய பேரழிவுக்குப் பிறகு விவசாயி இரு வேலைகளை ஒன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. புதுக் கன்று நட வேண்டும். விழுந்த மரங்களை அகற்றவும் வேண்டும். அகற்றக் கூலியும் இயந்திரமும் இல்லாமல் மரங்கள் தோப்பிலேயே மட்கினால், அவற்றிலிருந்து வரும் வண்டுகள் அருகில் நட்ட கன்றுகளையே முதலில் தாக்கும். கன்று காய்க்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தக் கன்று பட்டுப்போனால் புயலின் இழப்பு இரட்டிப்பாகும்.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் மறுநடவின்போது இதே சிக்கல் எழுகிறது. காற்று மாசைத் தடுக்க, பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி வரிசைகளுக்கு இடையே போடும் முறை 1990களிலிருந்து பரவலானது. அந்தத் துண்டுகள் வண்டுக்கு வாழிடமாயின. இதற்குத் தீர்வாக, மரத்தை மெல்லிய சீவல்களாக்கிப் பரப்பி விரைவில் மட்கச் செய்வதும், அவற்றின் மேல் பயறு வகைக் கொடிகளை அடர்த்தியாகப் படரவிடுவதும் கடைப்பிடிக்கப்படுகின்றன. கொடி மூடிய மரத்துண்டை வண்டால் எளிதில் கண்டறிய முடிவதில்லை.

பசிபிக் தீவுகளில் பரவல்

தென்னையை வாழ்வாதாரமாகக் கொண்ட பசிபிக் தீவுகளில் இவ்வண்டு இயற்கையாக இருந்ததில்லை. 1909இல் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் கன்றுகளுடன் இது சமோவா தீவை அடைந்தது. அங்கு இதன் இயற்கை எதிரிகள் இல்லாததால் விரைவில் பெருகியது. வண்டையும் புழுவையும் தேடிப் பொறுக்கும் பணியில் மக்கள் பல ஆண்டுகள் ஈடுபட்டனர். 1942இல் இது பலாவு தீவுகளுக்குச் சென்றது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கிருந்த தென்னைகளில் ஏறத்தாழப் பாதி அழிந்தன. 1953இல் பிஜியிலும் காணப்பட்டது.

இந்த வரலாற்றில் மனித முயற்சியால் வண்டு முழுவதும் ஒழிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. டோங்கா நாட்டைச் சேர்ந்த நியுவாடோபுடாபு என்னும் சிறு தீவில், 1920களில் தொடங்கி 1930 வரை, மட்கும் மரங்களையும் குப்பைகளையும் தொடர்ந்து அகற்றியதன் மூலம் வண்டு ஒழிக்கப்பட்டது. இன்றைய இனக்கவர்ச்சிப் பொறிகளோ வைரஸ் முறையோ அப்போது இல்லை. புழுவின் வாழிடத்தை இல்லாமல் ஆக்கியதே அங்குப் பலன் தந்தது.

உயிரியல் கட்டுப்பாடு

1963இல் அலாய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், மலேசியாவில் நோயுற்ற காண்டாமிருக வண்டுப் புழுக்களில் ஒரு வைரசைக் கண்டறிந்தார். இன்று அது ஓரிக்டெஸ் நூடிவைரஸ் எனப்படுகிறது. இந்த வைரஸ் தாக்கிய புழு இறந்துவிடும். தாக்கப்பட்ட வண்டு உடனே இறப்பதில்லை. அது உணவைக் குறைத்து, குறைவாக முட்டையிட்டு, செல்லும் இடமெல்லாம் தன் கழிவின் வழியாக வைரசைப் பரப்புகிறது. இனப்பெருக்க இடத்தில் பல வண்டுகளும் புழுக்களும் கூடுவதால் நோய் எளிதில் தொற்றுகிறது. 1967இல் சமோவாவில் இது விடப்பட்டதும் வண்டின் சேதம் வெகுவாகக் குறைந்தது. பிறகு பிற தீவுகளிலும் பயன்பட்டது. இந்தியாவில், காசர்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் இதை விட்டு நல்ல பலன் கண்டது.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை தெரியவந்துள்ளது. 2007இல் குவாமில் காணப்பட்ட வண்டுகள் இந்த வைரசால் எளிதில் பாதிக்கப்படாத ஒரு மரபுவகையைச் சேர்ந்தவை. 2013இல் ஹவாயிலும், 2015இல் சாலமன் தீவுகளிலும் அதே மரபுவகை காணப்பட்டது. குவாமில் இவ்வண்டு, தென்னையின் உச்சியில் மட்டை இடுக்குகளில் தேங்கும் மட்கிய குப்பையிலேயே முட்டையிட்டு வளர்வதும் கண்டறியப்பட்டுள்ளது. அங்குப் புழுவின் இடமும் வண்டின் இடமும் ஒரே மரத்தில் அமைந்துவிட்டன. தரையைச் சுத்தமாக வைப்பது மட்டும் அங்குப் போதுவதில்லை.

பச்சை மஸ்கார்டின் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையும் புழுக்களைக் கொல்லும். பூஞ்சை தாக்கிய புழு முதலில் வெளிறி விறைத்து, பிறகு அதன் மேல் பச்சை நிறப் பொடி படரும். ஈரமும் நிழலும் உள்ள எருக்குழியில் இது நன்கு செயல்படும்.

தோப்பில் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறைகளில் பெரும்பாலானவை வண்டின் இரு வாழிடங்களையும் கருத்தில் கொண்டவை.

1. பட்டுப்போன மரங்களையும் அடிக்கட்டைகளையும் அகற்ற வேண்டும். விறகாகவோ வேறு பயனுக்கோ உடனே எடுத்துவிடுவது நல்லது.

2. எருக்குழியை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிளறி, புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கி அழிக்க வேண்டும். முட்டை வண்டாக மாறக் குறைந்தது நான்கு மாதங்களாவது ஆகும் என்பதால், இந்த இடைவெளியில் கிளறினால் அவை வண்டாகும் முன்பே அகப்படும். கிளறும்போது கோழி, மைனா, காகம் ஆகியவையும் புழுக்களைத் தின்னும்.

3. எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து இடலாம்.

4. குருத்தில் உள்ள வண்டை முனை வளைந்த கம்பியால் குத்தி வெளியே எடுத்து அழிக்கலாம்.

5. வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒரு பங்குக்கு இரு பங்கு என்ற அளவில் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளில் இடலாம். இளங்கன்றுகளுக்கு அந்துருண்டையை மட்டை இடுக்கில் வைத்து மணலால் மூடும் வழக்கமும் உண்டு.

6. ஆமணக்குப் புண்ணாக்கை நீரில் கரைத்துப் பானைகளில் வைத்தால், அதன் மணத்துக்கு வரும் வண்டுகள் அதில் விழும். இனக்கவர்ச்சிப் பொறியை இரண்டு எக்டேருக்கு ஒன்று வீதம் வைக்கலாம். பொறியில் விழுந்த வண்டுகளை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

வண்டு பறந்து வரக்கூடியது. ஒரு தோப்பைச் சுத்தமாக வைத்திருந்தாலும் பக்கத்துத் தோப்பில் மொட்டைத் தென்னைகள் நின்றால் சேதம் தொடரும். எனவே அண்டைத் தோப்புகளும் சேர்ந்து ஒரே காலத்தில் இவற்றைச் செய்வதே முழுப் பலன் தரும்.

அறிவியலில் ஓரிக்டெஸ்

ரீயூனியன் தீவின் ஓரிக்டெஸ் போர்போனிக்கஸ் உயிரியல் ஆய்வில் தனி இடம் பெற்றுள்ளது. பிரிஸ்டியோன்கஸ் பசிபிக்கஸ் என்னும் நுண்ணிய உருளைப்புழு இவ்வண்டின் உடலில் தங்கி வாழ்கிறது. வண்டு உயிரோடு இருக்கும்வரை அது வளராமல் காத்திருக்கும். வண்டு இறந்து அழுகத் தொடங்கியதும், அவ்வுடலில் பெருகும் நுண்ணுயிர்களை உண்டு இனம் பெருக்கும். இந்த உருளைப்புழு ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு மாதிரி உயிரி என்பதால், அது வாழும் வண்டும் ஆராயப்பட்டது. 2016இல் ஓரிக்டெஸ் போர்போனிக்கஸின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது.

வண்டு உயிரோடு இருக்கும்போது மட்கிய மரத்தைச் சிதைக்கிறது. இறந்தபின் அதன் உடலும் இதுபோன்ற சிற்றுயிர்களுக்கு வாழிடமாகிறது. தென்னந்தோப்பில் பீடை எனப்படும் வண்டின் உறவினங்கள் பலவும் தம் காடுகளில் இவ்வாறே வாழ்கின்றன.